நாற்பத்தொன்றாம் மாதிரி

“அதை எழுத்துல குடுங்க சார்.”

சொல்லிவிட்டேன். பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா என் காதில் ஓதி ஓதி வளர்த்த ஒரே கோரிக்கை அது. லீவு கேட்கலாம். மன்னிப்புக் கேட்கலாம். உடைந்த மேசையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவா என்றுகூடக் கேட்கலாம். எழுதிக் கொடு என்று கேட்கக் கூடாது. கேட்ட நொடியிலிருந்து நீ அவர்களுக்கு ஆள் இல்லை, வில்லங்கம்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். கத்துகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும், எங்கள் தெருவில் அன்பாகப் பேசினாலே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இவர் குரலை உயர்த்தாமலே நான் பார்க்க நான்கு பேரை வீட்டுக்கு அனுப்பியவர்.

“எதை எழுத்துல குடுக்கணும்?”

“நாப்பத்தொண்ணாம் மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப வேண்டாம்னு இப்பச் சொன்னீங்கல்ல, அதை.”

மணி பதினொன்றரை. மூன்று மணிக்கு மேல்மாடிக் கூடத்தில் மோட்டார் கம்பெனிக்காரர்களோடு ஒப்பந்தம். அதற்குள் அவருக்கு என் கையெழுத்து வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் மேசையில் அந்தப் படிவம் கிடந்தது. ‘மாதிரியைத் தயாரித்த ஆய்வாளர் என்ற முறையில், இதில் அருமண் உலோகம் எதுவும் கலக்கவில்லை என உறுதியளிக்கிறேன்.’ கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் என் பெயரைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார்கள்.

 

நாங்கள் தேடுவது ஒரு காந்தம். சொன்னால் சிரிப்பார்கள், கடையில் கிடைக்காதா என்பார்கள். கிடைக்கும். ஆனால் மின்விசிறியோ வண்டியோ தண்ணீர் பம்போ, எதன் மோட்டாராக இருந்தாலும் அதற்குள் பலமான காந்தம் வைத்தால் அதில் நியோடிமியம் என்ற அருமண் உலோகம் இருக்கும். அதைத் தோண்டும் இடத்தில் தண்ணீர் கெடும், மண் கெடும். தோண்டி எடுத்துச் சுத்திகரிக்கிற ஒன்றிரண்டு இடங்கள் கதவைச் சாத்தினால் மற்ற எல்லோருடைய மோட்டாரும் நிற்கும். அதனால் அருமண் இல்லாமல் ஒரு நல்ல காந்தம் செய்ய முடியுமா என்று பல ஆய்வகங்கள் தலையைப் பிய்த்துக்கொள்கின்றன. எங்களுடையதும் ஒன்று. எங்கள் கலவை மாங்கனீசும் பிஸ்மத்தும். இரண்டுமே அருமண் இல்லை, விலையும் குறைவு. ஆனால் சேர்த்து அரைத்தால் வருகிற பொடிக்குக் கோபம் அதிகம். காற்றுப் பட்டால் கெட்டுப்போகும், சில நாள் புகைந்து தீப்பிடிக்கும். அதனால் காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள், அதன் சுவரிலிருந்து உள்ளே நீளும் தடித்த கறுப்புக் கையுறைகளில் கையை விட்டு வேலை செய்வோம். அதற்குள் மூக்கு அரித்தால் அன்றைய நாள் முழுக்க அரித்துக்கொண்டே இருக்கும்.

இந்த வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் பாடத்தில் சொல்லித் தருவதில்லை, வந்த வாரத்திலேயே தொற்றிக்கொள்ளும். ஆளுக்கொரு சின்னக் கட்டிக் காந்தம் வைத்திருப்போம், கற்கண்டு அளவில். பெட்டிக்குள் பொடி சிதறினால் துடைக்க முடியாது, துணியில் பாதி போய்விடும். காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சிதறலுக்கு மேலே நீட்டினால் பொடி எறும்புக் கூட்டம் மாதிரி எழுந்து உறையின் மேல் ஒட்டும். உறையைக் குப்பிக்கு மேல் பிடித்து, காந்தத்தை உள்ளிருந்து உருவினால் பொடி பொலபொலவென்று குப்பிக்குள் விழும். ஒரு துகள் வீணாகாது. எல்லோரும் செய்வோம். இயக்குநரும் தன் காலத்தில் செய்தவர்தான்.

அந்தக் கட்டிக் காந்தம் எதனால் ஆனது என்று யாரும் யோசித்ததில்லை. அருமண் இல்லாத காந்தத்தைத் தேடுகிறவர்கள், அருமண் காந்தத்தைக் கொண்டுதான் கூட்டித் திரட்டுகிறோம். முலாம் பூசிய அந்தக் கட்டி பளபளப்பாக இருக்கும், ஆனால் பீங்கான் மாதிரி நொறுங்கும். இரும்புச் சட்டத்தில் ‘டக்’கென்று ஒட்டினால் மூலை சில்லுப் போகும். சில்லு உறையைக் கிழிக்கும்.

போன வருடம் நாற்பத்தொன்றாவது முறை அரைத்தபோது என் கை தட்டிக் குப்பி கவிழ்ந்தது. திரட்டினேன். குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘சிதறியது. திரட்டப்பட்டது.’

அந்தப் பொடியை அழுத்திச் செய்த வில்லைதான் நாற்பத்தொன்றாம் மாதிரி. அதற்கு முன்னால் வந்த நாற்பதும் கொடுக்காத பலத்தை அது கொடுத்தது. இயக்குநர் அளவீட்டுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், அழுதாரோ என்னவோ. எனக்கு ஆய்வகத்தில் அன்றிலிருந்து பெயரே போய்விட்டது. “நாப்பத்தொண்ணு, டீ குடிக்க வர்றியா?” “நாப்பத்தொண்ணு, சாவி எங்க?” என் ஆய்வேட்டின் தலைப்பு, நடு அத்தியாயம், முடிவுரை எல்லாமே அந்த ஒரு வில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வில்லை இருந்தால் முனைவர். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தவள், அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு முதல் நாற்பத்தேழு வரை அதே அளவு, அதே நேரம், அதே சூடு. ஒன்றுகூட அதன் பக்கத்தில் வரவில்லை. “அன்னைக்கு இருந்த கவனம் இன்னைக்கு இல்லம்மா” என்றார் இயக்குநர். நான் நம்பினேன். நம்மைக் குறை சொன்னால் உடனே நம்பிவிடுகிற சாதி நாங்கள், முதல் தலைமுறை.

நேற்று மதியம் அந்த நம்பிக்கை உடைந்தது.

பம்பு மோட்டார் சூடாகும், சூட்டில் எப்படி இருக்கும் என்ற கணக்கும் வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தார்கள். எங்கள் கலவைக்கு உள்ள ஒரே பெருமை அதுதான். மற்ற காந்தங்கள் சூடேறினால் தளரும், இது சூடேறச் சூடேற இன்னும் விடாப்பிடியாகும். அதுவரை நாற்பத்தொன்றைச் சூடாக்கி யாரும் பார்த்ததில்லை. ஒரே வில்லை, கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று இயக்குநர் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். நேற்றுத்தான் அவரே எடுத்துக் கொடுத்தார்.

அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் மீட்டர் அண்ணன் என்போம். பிள்ளைகள் இருவரையும் பள்ளியில் விட்டுவிட்டு, தலையைக்கூடச் சீவாமல் வந்து நின்று, எண்ணை மட்டும் சரியாகச் சொல்கிற மனிதர். திரையில் கோடு மேலே ஏற வேண்டும். கொஞ்சம் ஏறியது. பிறகு மடங்கியது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

“கருவி கோளாறாண்ணே?”

“கருவியைச் சொல்லாத. காலையிலதான் சரிபார்த்தேன்.” அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “பாரு. இது ஒரு காந்தம் போடுற கோடு இல்ல. உள்ள ரெண்டு பேர் குடித்தனம் பண்றாங்க. ஒருத்தன் சூட்டுல எகிர்றான், இன்னொருத்தன் படுத்துக்கிறான்.”

“படுத்துக்கிறவன் யாரு?”

அவர் என் மேலங்கிப் பையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

கட்டியை வெளியே எடுத்தேன். எத்தனை மாதமாக அது என் பையில் கிடந்தது, ஒரு நாளாவது உற்றுப் பார்த்திருக்கிறேனா. ஒரு மூலை இல்லை. எள் அளவு. உடைந்த இடம் மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்தது, அதாவது உடைந்து வெகுநாள் ஆகிவிட்டது.

 கழிப்பறைக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது மீட்டர் அண்ணன் திரையை அணைத்திருந்தார்.

“அண்ணே, அந்தக் கோட்டை ஒரு தாள்ல எடுத்துக் குடுங்க.”

“எந்தக் கோடு?”

“விளையாடாதீங்க.”

“நான் எங்க விளையாடுறேன். பெரியவருக்கு அனுப்பிட்டேன். வேற யாருக்கும் அனுப்பாதேன்னு அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு. சோதனை நடந்துகிட்டிருக்குன்னு போட்டுக்கச் சொல்லிட்டார்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு தங்கச்சி. நான் பார்க்கல, நீயும் பார்க்கல. எனக்கு ரெண்டு பிள்ளை. உனக்கு ஒரு ஆய்வேடு. ரெண்டையும் கரை சேர்ப்போம்.”

“நாளைக்குக் கம்பெனிக்காரன் நம்ம செய்முறையை வெச்சு டன் கணக்குல அரைப்பான். வராது. வராதுன்னா யாரு செஞ்சதுன்னு தேடுவான். படிவத்துல யார் பேர் இருக்கு?”

“உன் பேருதான்.”

“அப்புறம் எப்படிக் கரை சேருவேன்?”

“அது நாளைக்குக் கதை” என்றார். சொல்லும்போதே கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். பயந்தவர்கள் ஒருவருக்கொருவர் துணை என்று யார் சொன்னது. பயந்தவர் பக்கத்தில் நின்றால் நம் பயம் இரட்டிப்பாகும்.

ஒரு வழி இருந்தது. வில்லையில் ஓர் ஓரத்தைச் சுரண்டி, அமிலத்தில் கரைத்து, என்னென்ன உலோகம் இருக்கிறது என்று பார்க்கலாம். அரை நாள் வேலை. நியோடிமியம் இருந்தால் தெரிந்துவிடும், இல்லாவிட்டால் நான் சாமியைக் கும்பிட்டுக் கையெழுத்துப் போடுவேன். அதற்கு இயக்குநரின் அனுமதி வேண்டும்.

இன்று காலை அவரைப் பார்க்கும் முன் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா இதே கட்டடத்தில் துப்புரவு வேலை. இரண்டாவது மாடி அவளுடையது, ஆய்வகமும் இயக்குநர் அறையும் இருக்கிற மாடி. மீட்டர் அண்ணனைத் தவிர யாருக்கும் அவள் என் அம்மா என்று தெரியாது. தெரியக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். நடையில் எதிர்ப்பட்டால் அவள் வாளியைப் பார்ப்பாள், நான் கைப்பேசியைப் பார்ப்பேன். ஐந்து வருடமாக இந்தக் கூத்து. அவள் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்கிறாள் என்று தெரியும். அதற்கு உடன்பட்ட என் கன்னத்தில் யாராவது அறைந்திருக்கலாம்.

துடைப்பங்கள் வைக்கும் சின்ன அறைக்குள் அவளைத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு நியோடிமியம் புரிய வேண்டிய அவசியம் இல்லை. நான் போட்ட சரக்கில் கலப்படம், அது என் கையால், அது தெரிந்தும் சுத்தம் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். இது அவளுக்கு நன்றாகப் புரிந்தது.

“நீ வேணும்னு கலந்தியா?”

“இல்லம்மா.”

“அப்புறம் எதுக்குப் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற. போட்டுட்டு வா.”

“பொய்ம்மா அது.”

“பெரியவங்க சொல்ற பொய்க்குப் பேரு வேற பாப்பா.” அவள் ரப்பர் கையுறையைக் கழற்றினாள். சோடா நீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கியிருந்தது. “சரி, போடலன்னா என்ன பண்ணுவ?”

“சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேப்பேன். முடியாதுன்னா, முடியாதுன்னு எழுதித் தரச் சொல்லுவேன்.”

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலித்தது.

“அது மட்டும் வேணாம். நான் முன்னாடி ஆஸ்பத்திரியில இருந்தேன்ல. என்னை நிறுத்தினப்ப, ஏன் நிறுத்துறீங்க, எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். சின்ன வயசு, உன்னை மாதிரி வாய். குடுத்தாங்க. திருடினேன்னு எழுதிக் குடுத்தாங்க. அதுவரைக்கும் என்னைச் சும்மாதான் நிறுத்தியிருந்தாங்க. அவங்க கையில பேனா இருக்கறவரைக்கும் கேக்காத. அந்தப் பேனா நம்ம பக்கம் எழுதாது.”

இதை அவள் என்னிடம் முழுதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.  வெளியே யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம், திருட வந்தவர்கள் மாதிரி, எங்கள் வேலை இடத்திலேயே.

“பேசாம போட்டுட்டு வந்துரு” என்றாள். அவளே முதலில் வெளியே போனாள்.

அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் இயக்குநர் அறையில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“உனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறது?”

“யாரும் இல்ல சார். சூட்டுல கோடு இறங்குச்சு. நீங்களும் பார்த்தீங்க.”

“ஒரு தடவை அளந்ததை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுன்னு முதல் வருஷப் பசங்களுக்கே நான் பாடம் எடுப்பேன்.”

“அதான் சார் நானும் சொல்றேன். இன்னொரு தடவை பார்ப்போம். கரைச்சுப் பார்ப்போம்.”

“கரைச்சா மாதிரி போயிடும்.”

“ஒரு ஓரம்தான சார் போகும்.”

“உனக்கு அது ஓரம்” என்றார். “எனக்கு இந்த வேலையில முப்பது வருஷம். இன்னும் ஏழு மாசத்துல ஓய்வு. இந்த முப்பது வருஷத்துல ஒண்ணு கிடைச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு.”

அப்போது அவர் பொய் பேசவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அவரும் என்னைப் போலப் பயந்துகொண்டுதான் இருந்தார். அது என்னை இன்னும் பயமுறுத்தியது. கெட்டவர் என்றால் ஓர் எல்லையில் நிற்பார். பயந்துபோன பெரியவர் எங்கே நிற்பார் என்று யாருக்குத் தெரியும்.

“கிடைக்கல சார்” என்றேன். “அது என் காந்தத்தோட சில்லு.” பையிலிருந்து கட்டியை எடுத்து, மூலை உடைந்த பக்கம் அவருக்குத் தெரியும்படி மேசையில் வைத்தேன். அது நழுவிப்போய் அவருடைய குண்டூசி டப்பாவில் ஒட்டிக்கொண்டது. சத்தம் பெரிதாகக் கேட்டது.

அவர் அதைப் பிடுங்கி எடுத்தார். விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். உடைந்த மூலையின் மேல் கட்டைவிரல் ஒரு நொடி நின்றது. பிறகு மேல் இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

“ஆய்வகச் சாமானை வெளியில எடுத்துட்டுச் சுத்தக் கூடாது.”

“சார், அது…”

“எழுத்துல வேணும்னு கேட்டியே. தர்றேன்.”

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். பேனா மூடியைத் திருகினார். அவ்வளவு எளிதாகவா என்று ஒரு கணம் நான் ஏமாந்தேன். அம்மா சொன்னது பழைய காலம், இது ஆய்வகம், படித்தவர்கள் இடம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் நிதானமாக எழுதினார். அழகான எழுத்து. நடுவில் ஒரு சொல்லை அடித்து வேறு சொல் போட்டார். முடித்ததும் அவரே வாசித்தார்.

“‘இரண்டாம் மாடி ஆய்வகத்தில் துப்புரவுப் பணியில் ஏற்பட்ட கவனக்குறைவால் மாதிரிகளில் அந்நியத் துகள் கலந்திருக்கக்கூடும் என ஆய்வாளர் ஒருவர் ஐயம் தெரிவித்துள்ளார். சம்பந்தப்பட்ட பணியாளரை இன்றே விடுவிக்கப் பரிந்துரைக்கிறேன்.’ சரியா வந்திருக்கா?”



“நான் அப்படிச் சொல்லல சார். துடைக்கிறவங்க அந்தப் பெட்டிக்குள்ள கையே விட முடியாது. என் காந்தம்னு சொன்னேன்.”

“எந்தக் காந்தம்?”

மீட்டர் அண்ணன் ‘எந்தக் கோடு’ என்று கேட்ட அதே தொனி. ஆனால் மீட்டர் அண்ணன் அதைச் சொல்லும்போது வெட்கப்பட்டார்.

“இந்த மாடி உங்க அம்மாதான?” என்று இயக்குநர் கேட்டார். ரொம்ப மெதுவாக, நலம் விசாரிக்கிற மாதிரி. “நல்ல பொம்பள. என் மேசையில ஒரு தாளை இடம் மாத்தி வெச்சதில்ல. எனக்கு எப்பவோ தெரியும்மா. உங்க ரெண்டு பேருக்கும் சங்கடமா இருக்க வேண்டாமேன்னுதான் கண்டுக்கல.”

அறை அப்படியேதான் இருந்தது. குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் குண்டூசி டப்பா, அதில் சில குண்டூசிகள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. இந்த மனிதர் ஐந்து வருடமாக நடையில் எங்கள் இருவரையும் பார்த்திருக்கிறார். நாங்கள் ஒருவரையொருவர் தெரியாத மாதிரி கடந்து போனதைப் பார்த்திருக்கிறார். பார்த்து, எடுத்து, பத்திரமாக வைத்திருக்கிறார், அந்த வில்லையை வைத்த மாதிரியே.

அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது பக்கம் படிவம். வலது பக்கம் அவர் எழுதியது.

“இதுல நீ கையெழுத்துப் போட்டா, அது குப்பைக் கூடைக்குப் போகும். போடலன்னா அலுவலக முத்திரைக்குப் போகும். நான் மிரட்டலம்மா. ஒரு சந்தேகம் வந்தா எதையாவது காரணமாக் காட்டித்தான் ஆகணும், இல்லையா? நீயும் விஞ்ஞானி. யோசி.” பேனாவை என் பக்கம் நீட்டினார். “மூணு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இங்கயே உட்கார்ந்து யோசி. தண்ணி வேணுமா?”

பேனாவை வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நீட்டினால் வாங்கிக்கொள்வது எங்கள் உடம்பில் ஊறியது. கோட்டின் மேல் முனையை வைக்கும் அளவுக்குக் கை போனது. போட்டால் அம்மா நாளை காலை ஆறு மணிக்கு வாளியோடு இதே மாடிக்கு வருவாள். நான் அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுப்பேன். ஒரு வருடம் நன்றாக இருப்போம். பிறகு கம்பெனிக்காரன் அரைத்துப் பார்த்து, ஒன்றும் வராமல், அதே வில்லையைக் கரைப்பான். அவனுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அதில் நியோடிமியம் வரும். அப்போது இவர் ஓய்வில் இருப்பார். படிவத்தில் என் பெயர் இருக்கும். அம்மாவைத் திருடி என்று எழுதினார்கள், என்னை மோசடிக்காரி என்று எழுதுவார்கள். அப்போதும் இந்த மாடியைத் துடைக்கிறவளை இவர்கள் விட்டு வைப்பார்களா?

போடாவிட்டால் எல்லாமே இன்று மாலையே போய்விடும்.

பயம் ஒரு பக்கம் குறைந்து இன்னொரு பக்கம் கூடும் என்று நினைத்தேன். அப்படியில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு. அப்புறம் பயத்தைக் கேட்டு என்ன பிரயோசனம்?

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவர் எழுதிய தாளுக்குப் பலம் இருப்பது, சில்லு எப்படி உள்ளே போனது என்று நான் சொல்லாதவரைக்கும்தான். காந்தம் அவர் இழுப்பறையில். வில்லை மறுபடி அவர் அலமாரியில். கோடு அவர் கணினியில். மிச்சமிருப்பது குறிப்பேட்டில் இரண்டு சொற்களும் என் வாயும். தப்பு என்னுடையது, என் கை, என் காந்தம் என்று நானே முதலில், அதுவும் இவரைவிடப் பெரிய காதில் போட்டுவிட்டால், துப்புரவுக்காரியின் மேல் இதை ஏற்றுவது கொஞ்சம் கஷ்டம். முடியாது என்று சொல்லவில்லை. கஷ்டம்.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். அவள் வேலையை வைத்து நான் ஆடுகிறேன், அவளைக் கேட்காமல் ஆடுகிறேன். இது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். அவள் என்னைத் திட்டுவாள், ஒருவேளை பேசாமலே இருப்பாள். இரண்டையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பேனாவை மூடி மேசையில் வைத்தேன். எழுந்தேன். 

“எங்க?” என்றார்.

“மேல்மாடிக்கு சார்.”

“கூட்டம் மூணு மணிக்கு.”

“அவங்க அப்பவே வந்தாச்சு. கூடத்துல உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டிருக்காங்க. மேல போயிட்டு வரும்போது பார்த்தேன்.”

அவர் எழுந்தார். அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. “உக்காரு. நான் இன்னும் பேசி முடிக்கல. உன் ஆய்வேடு என் கையில இருக்கு, தெரியும்ல?”

“தெரியும் சார்.”

“அவங்ககிட்ட என்ன சொல்லப் போற? உன்னை நம்புவாங்களா? நீ யாரு?”

அது நல்ல கேள்வி. இன்று காலையிலிருந்து அதைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். “நம்ப வேணாம் சார். அவங்ககிட்டயும் ஆய்வகம் இருக்கு. வில்லையைக் கரைச்சுப் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணட்டும்.”

வலது பக்கத்துத் தாளை எடுத்துக் கிழிக்கத் தோன்றியது. கிழித்தால் இன்னொன்று எழுதுவார். அதை அங்கேயே விட்டேன்.

கதவுப் பிடி ஈரமாக இருந்தது, இல்லை, என் கைதான். திறந்தேன். பின்னால் தொலைபேசியை எடுக்கும் சத்தம் கேட்டது. மேல்மாடிக்கா, முத்திரை வைக்கிற அலுவலகத்துக்கா, வாசல் காவலுக்கா, தெரியவில்லை. யாருக்காக இருந்தாலும் எண்ணை அழுத்தி, அந்தப் பக்கம் எடுத்து, பெயர் சொல்லிப் பேச ஒரு நிமிடமாவது ஆகும். லிப்டுக்காக நிற்கவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏற ஆரம்பித்தேன்.